ஒன்பது நாள் இரட்டையர்

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் எண் ஸ்கேன் அறையில் பதினான்கு வருடமாக வேலை பார்ப்பவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. எல்லாருக்கும் அவள் பொறு அக்கா. "கல்லு இருக்கா அக்கா?" என்று படுத்திருப்பவர் கேட்டால், "பொறு." "அடுத்த ஆளை அனுப்பவா அக்கா?" என்று நர்ஸ் எட்டிப் பார்த்தால், "பொறு." ஸ்கேன் பிரிவுக்குத் தலைமையான பெரிய டாக்டரம்மாவே ஒருமுறை வாசலில் நின்று அவசரப்படுத்தியபோது வாய் தவறி அந்த வார்த்தை வந்துவிட்டது. டாக்டரம்மாவும் மறுபேச்சில்லாமல் பொறுத்தார்.

அவள் பொறுக்கச் சொல்வதில் நியாயம் இருந்தது. ஸ்கேன் மெஷின் ஒன்றும் ஜன்னல் அல்ல, எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்ல. காதுக்குக் கேட்காத சத்தத்தை உடம்புக்குள் அனுப்பி, அது எதிலாவது முட்டித் திரும்பி வருவதை வைத்துப் படம் வரைகிற கருவி அது. குடலில் காற்று இருந்தால் சத்தம் அங்கேயே சிதறிப்போகும். எலும்பு குறுக்கே வந்தால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். இருப்பதை மறைக்கும், சில நேரம் இல்லாததையும் காட்டும். அதனால் வயிற்றில் வைத்து நகர்த்துகிற கைக்கருவியை, அங்கே எல்லாரும் ப்ரோப் என்பார்கள், குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வைத்துப் பார்த்த பிறகுதான் பொறு அக்கா வாயைத் திறப்பாள். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்லிச் சொல்லிக் காதில் ரத்தம் வரவைத்திருந்தாள்.

இப்படிப்பட்டவள்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அரை நிமிடம் பார்த்துவிட்டு, ஒரு குடும்பத்தையே தலைகால் புரியாமல் ஆடவைக்கும் வார்த்தையைச் சொன்னாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது அவளுடைய நாத்தனார். கணவரின் ஒரே தங்கை. நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். சின்ன வயதில் தண்ணீரை விட்டு ஏறவே மாட்டாள் என்று அண்ணன் வைத்த பட்டப்பெயர் தவளை. முப்பத்திரண்டு வயதிலும் வீட்டில் அதே பெயர்தான். ஆறு வாரக் கர்ப்பம். எட்டாவது வாரத்தில் ஸ்கேன் எடுக்கச் சொல்லி அவளுடைய டாக்டர் கொடுத்த சீட்டு கைப்பையில் இருந்தது. ஆனால் தவளைக்கு எட்டாவது வாரம் வரை பொறுமை இல்லை.

"ஒரே ஒரு நிமிஷம் அண்ணி. இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. ராத்திரியெல்லாம் தூக்கமே வரல."

"சீட்டுல தேதி போட்டிருக்கு இல்ல? அன்னைக்கு வா. சும்மா ஆசைக்கு வச்சுப் பாக்கற சாமான் இல்ல இது."

"கெடுதலா?"

"எக்ஸ்ரே மாதிரி கதிர் எதுவும் கிடையாது. இத்தனை வருஷத்துல யாருக்கும் கெடுதல் வந்ததா தெரியல. ஆனாலும் சத்தம் படற இடம் லேசா சூடாகும். அதனால காரணம் இருந்தாத்தான் வைக்கணும், வச்சாலும் சட்டுனு எடுத்துடணும்."

தவளை அண்ணியின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வைதான் பொறு அக்காவைச் சாய்த்தது.

இரண்டு வருடத்துக்கு முன் இதே கட்டிலில் தவளை படுத்திருந்தாள். அப்போது பத்தாவது வாரம். ப்ரோப்பைப் பிடித்திருந்தது இதே அண்ணிதான். திரையில் துடிப்பு இல்லை. பொறு அக்கா நாலாபுறமும் தேடினாள், இல்லை. படம் எடுப்பதுதான் அவள் வேலை, சொல்வது டாக்டர் வேலை. அதனால் "டாக்டர் வந்து சொல்வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கல் மாதிரி நின்றாள். டாக்டர் வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் தவளை அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பிள்ளை போன துக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. இந்த நாற்பது நிமிடம் ஆறவில்லை. "எனக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணி" என்று ஒரே ஒருமுறை சொன்னாள், அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேச்சை எடுக்காததுதான் பொறு அக்காவை அதிகமாக அறுத்தது.

ஆகவே கதவைத் தாழிட்டாள். ஜெல்லைத் தடவினாள். வயிற்றின் நட்டநடுவில் ப்ரோப்பைக் குறுக்காக வைத்தாள்.

கர்ப்பப்பைக்குள் கறுப்பாக ஒரு வட்டம். பக்கத்திலேயே இன்னொரு கறுப்பு வட்டம். ஒவ்வொன்றுக்குள்ளும் மோதிரம் போல் ஒரு வெள்ளை வளையம். பொறு அக்கா இரண்டையும் அளந்தாள். பதினாறு மில்லிமீட்டர், பதினாறு மில்லிமீட்டர்.

அந்த நேரம் பார்த்து வெளியே கதவு இடிபட்டது. விபத்துக் கேஸ், உடனே அறை வேண்டும். பொறு அக்கா படத்தை ஒரு துண்டுத் தாளில் அச்செடுத்தாள், ப்ரோப்பை எடுத்துவிட்டாள். குறுக்கே பார்த்தாயிற்று, நெடுக்கே பார்க்கவில்லை. பக்கவாட்டில் நகர்த்தவில்லை. வைத்த கையைச் சீக்கிரம் எடு என்ற விதியை மட்டும் அன்று பிரமாதமாகக் கடைப்பிடித்தாள்.

"என்ன அண்ணி? சொல்லுங்க. ஏதாச்சும் சொல்லுங்க."

இந்த முறை கல் மாதிரி நிற்க அவளால் முடியவில்லை. "ரெண்டு," என்றாள். "தவளை, உள்ள ரெண்டு இருக்கு."

அதன் பிறகு நடந்த கூத்தை என்ன சொல்வது. ஜெல்லைக்கூடத் துடைக்காமல் தவளை அவளைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு வருடமாக இருவருக்கும் நடுவில் நின்ற சுவர் அந்த ஒரு கட்டிப்பிடிப்பில் பொலபொலவென்று உதிர்ந்துபோனது என்றுதான் பொறு அக்கா நினைத்தாள். வெளியே விபத்துக் கேஸைத் தள்ளிக்கொண்டு வந்த ஆள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

மாலைக்குள் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. அதற்கு வேறு யாரும் வேண்டாம், மாமியார் ஒருவர் போதும். ஒரு கையில் போன், மறுகையில் அந்தத் துண்டுப் படம். "ஆமாங்க, ரெட்டை. என் மருமகதான் பாத்தா. அவ சொன்னா தப்பாது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி மாமியாருக்குத் தொண்டை கட்டியது, கட்டின தொண்டையோடும் பேசினார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் கணவர், தாய்மாமன் ஆகப்போகிற மிதப்பில், ஒரே பஸ்ஸுக்கு இரண்டு தடவை ஆயில் மாற்றிவிட்டு வந்து நின்றார். தவளையின் கணவர் தச்சர். அதிகம் பேசாத மனுஷன். அவர் மறுநாளே பட்டறையில் இருந்த நல்ல மரத்தையெல்லாம் ஒதுக்கி, இரண்டு கட்டிலுக்கு அளவு போட்டுவிட்டார். பக்கத்துப் பட்டறைக்காரர் வந்து, "ஒண்ணு செஞ்சு நடுவுல பலகை வைக்கலாமே" என்றதற்கு, "ரெண்டு பேருக்கும் அவங்கவங்களுக்குன்னு வேணும்" என்று முறைத்தாராம். அவர் வாழ்க்கையில் யாரையும் முறைத்ததாக அதுவரை தகவல் இல்லை.

தவளையோ பிள்ளைகளுக்குப் பெயரே வைத்துவிட்டாள். குளத்தில் நீந்துகிறவர்களுக்குக் கோடு பிரித்துவிடுவார்களே, அந்தக் கணக்கில் லேன் ஒன்று, லேன் இரண்டு. "இன்னைக்கு லேன் ஒண்ணுதான் எனக்குக் குமட்டல் குடுக்குது அண்ணி. லேன் ரெண்டு சமர்த்து" என்று தினமும் காலையில் போன் வரும். பொறு அக்கா பஸ்ஸில் நின்றபடி சிரித்துச் சிரித்துப் பேசுவாள். இந்த ஒன்பது நாளில் நாத்தனார் அவளோடு பேசியது, முந்தின இரண்டு வருடத்தில் பேசியதைவிட அதிகம்.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு மூன்றாம் அறைக்கு ஓட்டப்பந்தயக்காரி ஒருத்தி வந்தாள். மேல்வயிற்றில் வலி. சட்டையைத் தூக்கினால் வயிறு பலகை மாதிரி இருந்தது, தசை தசையாக. "கொஞ்சம் தளர்த்திக்கோ" என்று சொல்லிவிட்டு பொறு அக்கா நடுவில் ப்ரோப்பை வைத்தாள்.

முதுகெலும்புக்கு முன்னால், இதயத்திலிருந்து இறங்கி வருகிற பெரிய ரத்தக்குழாய் வட்டமாகத் தெரிய வேண்டும். தெரிந்தது. பக்கத்திலேயே இன்னொன்றும் தெரிந்தது. அதே அளவு, அதே வட்டம், அதே துடிப்பு.

பொறு அக்கா திரையை முறைத்தாள். இந்த ரத்தக்குழாய் இரண்டு உள்ள மனுஷரை அவள் பதினான்கு வருடத்தில் பார்த்ததில்லை. பார்க்கப் போவதும் இல்லை. ப்ரோப்பை இரண்டு விரல் அளவு ஓரமாக நகர்த்தினாள். இரண்டு வட்டமும் நெருங்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒன்றாகிவிட்டன.

அவளுக்குத் தெரியாத விஷயமா இது? பயிற்சிப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் அவளே சொல்லிக்கொடுப்பது. வயிற்றின் நடுவில் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக இரண்டு தசைகள் ஓடுகின்றன. நட்டநடுவில் ப்ரோப்பை வைத்தால் சில பேருக்கு அந்தத் தசைகளில் பட்டுச் சத்தம் வளைந்து போகும். ஒன்று இருக்கிற இடத்தில் மெஷின் இரண்டு வரையும். தசை நன்றாக உரமேறிய வயிறு என்றால் இன்னும் வாய்ப்பு. ஓட்டக்காரிகளின் வயிறு. நீச்சல்காரிகளின் வயிறு.

பொறு அக்காவின் கை ஜெல்லோடு அப்படியே நின்றுவிட்டது.

"என்னக்கா, எதாச்சும் இருக்கா?" என்றாள் ஓட்டக்காரி.

"உன்னைப் பத்தி இல்லம்மா. பொறு." மிச்சத்தை நாலாபுறமும் ஒழுங்காகப் பார்த்து, பித்தப்பையில் இருந்த கல்லைக் கண்டுபிடித்து, படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் மூலைக்குப் போய்ப் போனைத் திறந்தாள். மாமியார் நாற்பது பேருக்கு அனுப்பிய அதே படம். விரலால் பெரிதாக்கினாள். இடது வட்டத்தில் மோதிரம் வலது மேல் மூலையில். வலது வட்டத்திலும் மோதிரம் வலது மேல் மூலையில். பதினாறு, பதினாறு. எந்த இரட்டையும் இப்படி அச்சடித்த மாதிரி உட்காராது. இதை வேறு யாராவது எடுத்து வந்து காட்டியிருந்தால், பார்த்த மாத்திரத்தில் அவள் சிரித்திருப்பாள்.

கை கழுவப் போனாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது இன்னொரு யோசனை, சத்தமில்லாமல், மிக நல்ல யோசனை போல் வந்து நின்றது. திங்கட்கிழமைதான் தவளைக்குச் சீட்டுப்படி ஸ்கேன். அன்று ஒன்று மட்டும் தெரிந்தால், "ரெண்டுல ஒண்ணு கரைஞ்சுடுச்சு" என்று சொல்லிவிடலாம். அப்படி நிஜமாகவே நடப்பது உண்டு. ஆரம்பத்தில் இரண்டு இருந்து ஒன்று தானாக மறைந்துபோவது டாக்டர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. பொறு அக்கா சொன்னால் தப்பாது என்ற பேரும் அப்படியே இருக்கும்.

தவளை மட்டும் இல்லாத பிள்ளைக்காக அழுவாள். ஏற்கெனவே ஒன்றை இழந்தவள் இன்னொன்றையும் இழந்தேன் என்று நினைப்பாள். மிச்சமிருப்பதும் எப்போது போகுமோ என்று பிரசவம் வரைக்கும் செத்துச் செத்துப் பிழைப்பாள். பொறு அக்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. குழாயை மூடினாள், கையைத் துடைக்காமலே பெரிய டாக்டரம்மாவின் அறைக்கு நடந்தாள்.

சீட்டுத் தேதிக்கு முன்னால் வைத்தது, நடுவில் மட்டும் வைத்தது, வாயைத் திறந்தது, எல்லாவற்றையும் நின்றபடி ஒப்பித்தாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அது நல்ல சகுனம் அல்ல.

"பதினாலு வருஷம்," என்றார். "பயிற்சிக்கு வந்த பொண்ணு செஞ்சிருந்தா இன்னேரம் என்ன பண்ணியிருப்பேன்னு உனக்கே தெரியும்."

"தெரியும் டாக்டர்."

"உன்னைத் திட்டறதை அப்புறம் வச்சுக்கறேன். முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லு. ஸ்கேன்ல தெரியறதுக்கு முன்னாடி சொல்லணும், புரியுதா? அப்புறம் அவளைக் கூட்டிட்டு வா. திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு அந்தரத்துல தொங்கணும். சீட்டு இருக்கு, இப்ப காரணமும் இருக்கு. நாலரை மணி வரைக்கும்தான் இருப்பேன். நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லு."

மணி மூன்று. பொறு அக்கா வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நடந்து பழகிய கால்கள் ஓடின.

நீச்சல் குளத்தில் பிள்ளைகள் வரிசையாகத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். குளோரின் வாடை மூக்கில் ஏறியது. தவளை கரையில் கழுத்தில் விசிலோடு நின்றிருந்தாள். வெள்ளைக் கோட்டோடு ஓடி வருகிற அண்ணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கிட்டே வந்ததும் மலர்ந்த முகம் மாறியது. முகத்தைப் படிக்கத் தெரிந்தவள் அவள்.

"தவளை, நான் தப்பா பாத்துட்டேன்." பொறு அக்கா மூச்சு வாங்கினாள், ஆனால் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தொடர முடியாது. "ரெண்டுன்னு சொன்னேன் இல்ல. அது ரெண்டா இல்லாம இருக்கலாம். ஒண்ணே ரெண்டா தெரிஞ்சிருக்கலாம். உன் வயித்துத் தசை சத்தத்தை வளைச்சு விட்டிருக்கு. கொஞ்சம் நகத்திப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல. பாக்காம சொன்னேன்."

தவளை குளத்தைப் பார்த்தாள். ஒரு பையன் கரையோரம் நின்றிருந்தான்; தண்ணீருக்கு மேலே ஒரு கால், கீழே அந்தக் கால் வேறு எங்கேயோ ஒடிந்து விலகி நின்றது. தினமும் எட்டு மணி நேரம் அதைப் பார்க்கிறவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"இந்த மாதிரியா?" என்றாள்.

"இதே மாதிரிதான்."

விசிலை எடுத்து வாயில் வைத்தாள், ஊதாமல் எடுத்தாள். குரல் தாழ்ந்திருந்தது. "அப்ப யாரு இல்ல அண்ணி? லேன் ஒண்ணா, லேன் ரெண்டா?"

பொறு அக்கா அவள் தோளைப் பிடித்தாள். "யாரும் இல்லாம போகல. ரெண்டு பேரும் ஒரே ஆளா இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"எனக்குத் தெரியாது. நிஜமாவே ரெண்டா இருந்தாலும் இருக்கும். பாக்காம இனி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"எப்பப் பாப்பீங்க?"

"இப்பவே. டாக்டரம்மா நாலரை வரைக்கும் இருக்காங்க."

தவளை இரண்டு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். பிள்ளைகளை இன்னொரு பயிற்சியாளரிடம் ஒப்படைத்தாள். நீச்சல் உடைமேல் ஒரு பாவாடையையும் சட்டையையும் மாட்டிக்கொண்டு, ஈரத் தலையோடு கிளம்பினாள். வந்த பஸ்ஸோ, நிற்க ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்று ஒவ்வொரு முக்கிலும் நின்றது. வேகத்தடை வரும்போதெல்லாம் தவளை முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். குடித்த தண்ணீர் அதற்குள் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது.

நாலாவது நிறுத்தம் தாண்டிய பிறகு ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள். "திங்கக்கிழமை வரைக்கும் சும்மா இருந்திருக்கலாமே அண்ணி. ஒண்ணு கரைஞ்சு போச்சுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். நானும் அதையெல்லாம் படிச்சிருக்கேன்."

"நெனச்சேன்."

தவளை திரும்பிப் பார்த்தாள். "எவ்வளவு நேரம்?"

"கை கழுவற நேரம்."

தவளை மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமா, அழுகையா என்று பின்தலையை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த வேகத்தடையில் மட்டும், "சீக்கிரம் போகச் சொல்லுங்க அந்த ஆளை, இல்லன்னா இங்கயே குளம் கட்டிடுவேன்" என்றாள். முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் அறைக்குள் நுழையும்போது மணி நாலு பத்து. டாக்டரம்மா ஏற்கெனவே உள்ளே நின்றிருந்தார். சீட்டை வாங்கிப் படித்தார், கையெழுத்துப் போட்டார், தவளையைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நீங்க வச்சுப் பாருங்க டாக்டர்," என்றாள் பொறு அக்கா.

"எனக்கு வைக்கத் தெரியும். நீயே வை."

தவளை படுத்தாள். திரையைப் பார்க்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் போலவே அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். பொறு அக்கா ஜெல்லைத் தடவினாள். இனி ஒன்றா இரண்டா என்பதல்ல அவள் பயம். ஒன்றாவது துடிக்க வேண்டுமே.

"முகத்தைப் பாக்காதே. திரையைப் பாரு," என்றாள். "நான் பாக்கறதை அப்பப்போ சொல்லிட்டே வரேன்." சொல்லிவிட்டு டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லு," என்றார் டாக்டரம்மா.

நடுவில் வைத்தாள். இரண்டு கறுப்பு வட்டங்கள். ஒன்பது நாளில் பெரிதாகியிருந்தன. உள்ளே மங்கலாக ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது.

"ரெண்டு இருக்கே அண்ணி," என்றாள் தவளை. குரலில் ஆசை எட்டிப் பார்த்தது.

"பொறு."

ப்ரோப்பை வலது ஓரமாக நகர்த்தினாள். மெதுவாக, மிக மெதுவாக. இரண்டு வட்டமும் ஒன்றை ஒன்று நெருங்கின, தொட்டன, ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன. மங்கல் போய்ப் படம் பளிச்சென்று ஆனது. ஒரே வட்டம்.

"ஒண்ணு," என்றாள் பொறு அக்கா. இடது ஓரம் போனாள். "இங்கிருந்தும் ஒண்ணு." நெடுக்காகத் திருப்பினாள். கர்ப்பப்பையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துழாவினாள். "ஒண்ணுதான் தவளை. ஆரம்பத்துல இருந்தே ஒண்ணுதான். யாரும் எங்கயும் போகல."

தவளையின் கண்ணிலிருந்து நீர் காதோரமாக இறங்கியது. அவள் துடைக்கவில்லை. "சரி," என்றாள். "அந்த ஒண்ணு எப்படி இருக்கு?"

வட்டத்துக்குள் மொச்சைக் கொட்டை அளவில் ஒன்று சுருண்டு கிடந்தது. பொறு அக்கா படத்தைப் பெரிதாக்கினாள். ஒரு வினாடி எதுவும் தெரியவில்லை. ப்ரோப்பை ஒரு நூல் அளவு சாய்த்தாள்.

நடுவில், புள்ளிபோல், படபடவென்று ஒரு மினுக்கல்.

"துடிக்குது," என்றாள். "இதோ, இங்க. நல்லாத் துடிக்குது." குரல் உடைந்துவிட்டது, அவள் கவலைப்படவில்லை. இந்த வார்த்தையை இந்தக் கட்டிலில் சொல்ல இரண்டு வருடமாகக் காத்திருந்தாள்.

தவளை முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். "சத்தம் வைங்க அண்ணி. அந்த டக் டக் சத்தம் வருமே, அதை வைங்க. ஒரு தடவை கேக்கறேன்."

"மாட்டேன்."

"ஒரே ஒரு தடவை."

"சத்தம் கேக்கணும்னா ஒரே புள்ளியில பலமா அடிக்கணும் தவளை. இவ்வளவு சின்ன உயிருக்கு அது இப்ப வேண்டாம். பெருசாகட்டும், அப்ப கேளு. எண்ணிக்கை மட்டும் இப்படியே எடுத்துடலாம், அதுக்கு அது வேண்டியதில்லை." திரையில் ஒரு கோட்டை இழுத்து அளந்தாள். "நிமிஷத்துக்கு நூத்தி ஐம்பத்திரெண்டு."

நூற்று ஐம்பத்திரண்டு என்றால் எவ்வளவு வேகம் என்று தவளைக்குப் பிடிபடவில்லை. அவள் முகம் வாடியதைப் பார்த்து, பொறு அக்கா வலது கையில் ப்ரோப்பை அசையாமல் பிடித்தபடி, இடது கையை நீட்டி அவள் உள்ளங்கையைப் பிடித்தாள். திரையில் மினுக்குகிற வேகத்துக்கு ஒரு விரலால் தட்டினாள். தட் தட் தட் தட் என்று, நிற்காமல். தவளை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கையால் கேட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஈரத் தலையோடு, ஜெல் பூசிய வயிற்றோடு, அவள் வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

"படம் எடுத்தாச்சு," என்றார் டாக்டரம்மா. "போதும், கையை எடு."

பொறு அக்கா உடனே எடுத்தாள். டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை காலையில எல்லாரும் கூடும்போது ரெண்டு படத்தையும் போட்டு, யாரு எப்படித் தப்புப் பண்ணாங்கன்னு நீயே நின்னு சொல்லணும். பயிற்சிப் பிள்ளைங்க எல்லாரும் இருப்பாங்க. சீட்டுத் தேதிக்கு முன்னாடி வச்சதுக்கு எழுத்துல விளக்கம் தனியா."

"சரி டாக்டர்," என்றாள் பொறு அக்கா. தலை குனிந்திருந்தது. உள்ளே மனசு குதித்துக்கொண்டிருந்தது.

தவளை எழுந்து உட்கார்ந்தாள். வயிற்றைத் துடைத்தாள். அண்ணியைப் பார்க்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள். அந்த மௌனத்தில் பொறு அக்காவுக்கு மறுபடி பயம் வந்தது. பிள்ளை பத்திரம். ஒன்பது நாள் கிடைத்த நாத்தனார் போய்விட்டாளோ என்று நினைத்தாள்.

"வீட்டுல நானே எல்லாருக்கும் சொல்லிடறேன்," என்றாள் மெதுவாக. "உங்க அம்மாகிட்டயும். உன் வீட்டுக்காரர்கிட்டயும். என் தப்புன்னு சொல்றேன்."

தவளை ஒரு காலில் செருப்போடு கதவு வரைக்கும் போய்விட்டாள். கழிவறை நாலு கதவு தள்ளி. தாழ்ப்பாளைத் திறந்தவள் அங்கேயே காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டு திரும்பினாள்.

"பன்னெண்டாவது வாரத்துக்கு இன்னொரு ஸ்கேன் இருக்கு இல்ல?"

"இருக்கு."

"அதுக்கும் நீங்கதான் வைக்கணும். வேற யாராச்சும் வச்சா நான் படுக்க மாட்டேன்." குரல் தழுதழுத்தது. "தப்பா பாத்துட்டேன்னு ஓடி வந்து சொல்றதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா அண்ணி."

சொல்லிவிட்டு, ஒரு செருப்பை அறையிலேயே விட்டுவிட்டு, ஓடினாள்.

பொறு அக்கா அந்த ஒற்றைச் செருப்பைக் குனிந்து எடுத்தாள். டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுகூட உறைக்காமல், அதைக் கையில் பிடித்தபடி நின்று அழுதாள்.